அம்மாவின் முதுகெலும்பும் என் வலது காலும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறிவிடும். யார் என்று எட்டிப் பார்க்கவே வேண்டாம். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பாதி குனிந்து, முகத்தில் ஓர் அசட்டுச் சிரிப்போடு யாராவது நிற்பார்கள். கொஞ்சம் காலை வைத்து விடுகிறீர்களா என்று கேட்பார்கள். உள்ளேயிருந்து அம்மா எனக்கு முன்னால் பதில் சொல்லிவிடுவாள், வாங்க வாங்க என்று.

விஷயம் இதுதான். நான் பிறக்கும்போது தலை முன்னால் வரவில்லை, கால் முன்னால் வந்தது. அப்படிப் பிறந்தவர்களின் கால் மேல் நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. முதுகிலோ இடுப்பிலோ சுளுக்குப் பிடித்துக்கொண்டால் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். கால் முன்னால் பிறந்தவர் தன் பாதத்தை வைத்து மேலிருந்து கீழாக மூன்று தடவை இழுத்துவிட வேண்டும். அப்போது இரண்டு பேரும் வாய் திறக்கக் கூடாது. முடிந்த பிறகு நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் வலி திரும்பிவிடுமாம். மலேசியாவில் சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பிறந்த அன்று ஆற்றில் வெள்ளம் வந்து ரோடு மூழ்கியிருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை, தோட்டத்து மருத்துவச்சிதான் பார்த்தாள். முதலில் வெளியே வந்தது வலது கால். அதனால் எனக்கு வலது கால்தான் கணக்கு என்று அம்மா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

நான் நடக்க ஆரம்பித்ததிலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். யாரும் என்னிடம் சம்மதம் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை இறக்குவதற்குள் எங்கள் லயத்து வீட்டு வாசலில் யாராவது ஒரு மாமா பாய் விரித்துப் படுத்திருப்பார். ரப்பர் பால்வாளி தூக்கித் தூக்கி இறுகிப்போன முதுகு. ஏறி நில் என்பார்கள். சிலருடைய முதுகு மரக்கட்டை மாதிரி இருக்கும், சிலருடையது பிசைந்த மாவு மாதிரி உள்ளே போகும். எனக்கு இரண்டுமே அருவருப்புதான். வேர்வை, தைலம், கோடாலித் தைலம். எழுந்தவுடன் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள், போயிடுச்சு.

பெரியவளாகி நான் என்ன ஆனேன் தெரியுமா? ரேடியோகிராஃபர். ஜோகூர் பாருவில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறேன். காலையிலிருந்து மாலை வரை எனக்கு எலும்புதான் சோறு போடுகிறது. இருநூற்று ஆறு எலும்புக்கும் பெயர் தெரியும். முதுகுத்தண்டில் கழுத்துக்கு ஏழு, நெஞ்சுக்குப் பின்னால் பன்னிரண்டு, இடுப்புக்கு ஐந்து, அதற்குக் கீழே ஐந்தும் நாலும் ஒட்டிப் போய்க் கிடக்கும். ஒவ்வொரு முள்ளெலும்பும் முன்பக்கம் கட்டை, பின்பக்கம் வளையம். அந்த வளையத்துக்குள்ளேதான் கால் இரண்டையும் ஆட்டி வைக்கிற நரம்புக் கற்றை இறங்குகிறது. இதையெல்லாம் மூன்று வருடம் படித்துப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவளை இந்தத் தாமான் குடியிருப்பில் ஒருவரும் எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் படிப்பு அவர்களுக்கு வேண்டாம். என் பாதம் போதும்.

நாங்கள் இருக்கும் மாசாயில் முதுகு வலி இல்லாத வீடே கிடையாது என்றுதான் நினைக்கிறேன். பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேரம் நின்றவர்கள், பெட்டி தூக்கினவர்கள், குண்டும் குழியுமான ரோட்டில் மோட்டார் சைக்கிளில் குலுங்கி வந்தவர்கள். எம்.சி. வாங்கி மருத்துவ லீவு எடுத்தால் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், அதனால் கிளினிக் வேண்டாம், அக்கா கால் போதும். நான் ரேடியோகிராஃபி படித்து முடித்ததிலிருந்து முடியாது என்று சொல்லத் தொடங்கினேன். சதைப் பிடிப்பாக இருந்தால் தானாகவே விடும், எலும்பாக இருந்தால் மிதித்தால் கெட்டுப் போகும், முதலில் படம் எடுத்துப் பாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் தொண்டைத் தண்ணி வற்றச் சொன்னேன். கேட்டுவிட்டு, சரி அக்கா, இப்போதைக்கு மட்டும் ஒரு தடவை என்பார்கள். சுவரோடு பேசியிருந்தால்கூட இவ்வளவு களைப்பு வந்திருக்காது.

என்னை விட்டால் ஆள் இல்லை என்பதும் இவர்கள் பிடிவாதத்துக்கு ஒரு காரணம். இப்போது குழந்தை கால் முன்னால் இருந்தால் டாக்டர்கள் காத்திருப்பதில்லை, ஆபரேஷன் செய்து எடுத்துவிடுகிறார்கள். அப்படிப் பிறந்தவர்களின் கால் செல்லுமா செல்லாதா என்று எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பெரிய விவாதமே நடந்திருக்கிறது. வழி மாறி வந்தது கணக்கில் வராது என்று ஒரு கட்சி. வயிற்றைத் திறந்தபோது டாக்டர் கையில் முதலில் சிக்கியது காலாக இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று அம்மா கட்சி. நான் நடுவில் காப்பித் தம்ளரை டங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

என் கணவர் தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். வீட்டு வழக்கை அவரிடம் கொண்டுபோனால் ரெண்டு பேரும் சரிதான் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். ஆகவே இந்தச் சண்டையை நானும் அம்மாவும் மட்டுமே போட்டுக்கொண்டு வந்தோம், வருடக்கணக்காக.

போன வருடம் அம்மாவுக்கே முதுகு பிடித்துக்கொண்டது. எழுபது தாண்டியவள். கொல்லையில் துணி ஊறின வாளியைத் தூக்கியபோது ஏதோ சுருக்கென்றதாம். இரண்டு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் பார்த்தவுடனே சொன்னேன், வயதானவர்களுக்கு எலும்பு உள்ளே இற்றுப் போயிருக்கும், வாளி தூக்கினாலே முள்ளெலும்பு நசுங்கும், வா படம் எடுத்துவிடலாம் என்று. அவள் பாயை எடுத்துவந்து என் முன்னால் விரித்தாள். நான் மாட்டேன் என்றேன். அவளும் மாட்டேன் என்றாள். சமைத்தாள், பரிமாறினாள், என்னிடம் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவளாகவே பேரம் பேசினாள். நான் காலை வைத்தால் அவள் மருத்துவமனைக்கு வருவாளாம். சத்தியமா என்று கேட்டேன். சாமி படத்தைக் காட்டிச் சத்தியம் செய்தாள். சரி, தொலையட்டும் என்று இரண்டு கையாலும் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு என் எடை முழுவதையும் இடது காலில் போட்டு, வலது பாதத்தை அவள் முதுகில் படுகிறதா படவில்லையா என்கிற அளவில் வைத்து மூன்று தடவை இழுத்தேன். ரவிக்கைத் துணிதான் நகர்ந்தது. வேறெதுவும் நகர்ந்திருக்க வாய்ப்பில்லை. அம்மா மெதுவாகப் புரண்டு, மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். போயிடுச்சு என்றாள்.

"சரி, கிளம்பு" என்றேன்.

"அதான் போயிடுச்சேம்மா. இல்லாத வலிக்கு எதுக்கு எக்ஸ்ரே?"

தலையில் அடித்துக்கொண்டேன். உண்மையாகவே, சத்தம் கேட்கிற மாதிரி. சத்தியம் செய்தாயே என்றால், வலி இருந்தால் வருவேன் என்றுதான் சத்தியம் என்கிறாள். பத்து பாகாட் ஊரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் ஜவுளிக் கடை வைத்திருக்கிறான், எல்லாவற்றிலும் அம்மா பக்கம். அம்மா சொன்னால் சரியாத்தான் இருக்கும், உன் கால் ராசியான கால்தானே, நீ ஏன் எல்லாத்தையும் நோயாப் பாக்குற என்றான். போனைச் சோபாவில் எறிந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு. நான் கறி வாங்கப் போயிருந்தேன். மார்க்கெட்டில் கூட்டம் இல்லாததால் சீக்கிரம் திரும்பிவிட்டேன். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள். எனக்கு ஆள் வந்திருக்கிறது என்று சலித்துக்கொண்டு உள்ளே போனால், ஹாலில் பாய் விரித்திருக்கிறது, பாயில் அம்மா குப்புறக் கிடக்கிறாள், அவள் பக்கத்தில் ஒரு காலில் சாக்ஸோடும் இன்னொரு காலில் சாக்ஸ் இல்லாமலும் அடுத்த தெருக்காரர் நிற்கிறார். தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். நாற்பது வயது, தொப்பையும் தோளுமாக நல்ல கனத்த சரீரம். ஆபரேஷனில் பிறந்தவர், டாக்டர் கையில் முதலில் சிக்கியது கால். அம்மா கட்சி ஜெயித்துவிட்டது.

நான் கத்தினதில் பக்கத்து வீட்டுச் சீனத்தி வேலிக்கு வந்துவிட்டாள். அவர் பதறிப்போய், அக்கா, அம்மாதான் கூப்பிட்டாங்க, ஒரே ஒரு தடவைதான் இழுத்தேன், அதுவும் மெதுவாத்தான் என்றார். அவர் மெதுவாக வைத்த கால் என்ன எடை இருக்கும் என்று கணக்குப் போட எனக்குத் தைரியம் இல்லை. அவரைத் திட்டுவதா, அம்மாவைத் திட்டுவதா என்று தெரியாமல் இரண்டு பேரையும் திட்டினேன். அவர் சாக்ஸைக் கையில் பிடித்தபடியே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா எழுந்திருக்கவில்லை. எழுந்திரு என்றேன். கொஞ்ச நேரம் இப்படியே கிடக்கிறேன் என்றாள். கீழே உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு கையும் பாயின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தன, உதடு வெளுத்திருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

கொண்டுபோனது நான் வேலை செய்யும் மருத்துவமனைக்குத்தான், அன்றைக்கு எனக்கு டியூட்டி இல்லை. இருந்தாலும் படத்தை நானே எடுக்கிறேன் என்று சொல்லிச் சட்டையை மாற்றிக்கொண்டு உள்ளே போனேன். மேசையில் மல்லாக்கப் படுத்திருந்தாள். இடுப்புப் படத்துக்கு எங்கே மையம் வைப்பது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, கையால்தான் தேட வேண்டும். விலாவுக்குக் கீழே இரண்டு பக்கமும் விரலை அழுத்தினால் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். அந்த உயரத்தில்தான் இடுப்பின் நாலாவது முள்ளெலும்பு. ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்குச் செய்கிற வேலை. அம்மாவுக்குச் செய்தபோது விளிம்பு உடனே கைக்கு வந்துவிட்டது, அவ்வளவு மெலிந்திருந்தாள். வீட்டில் தொளதொளவென்று நைட்டி போட்டுக்கொண்டு சுற்றுகிறவளின் உடம்பு எனக்குத் தெரியவே இல்லை.

"மூச்சை விட்டுட்டு அப்படியே நிறுத்து. அசையாத."

கண்ணாடிக்குப் பின்னால் வந்து பட்டனை அழுத்தினேன். திரையில் படம் வந்தது. இடுப்பின் முதல் முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி கூம்பியிருந்தது. அதற்கு மேலேயும் இரண்டு, நசுங்கிப் பழசாகி அப்படியே இறுகிப் போனவை. அந்த இரண்டும் எப்போது உடைந்தன, என்றைக்கு எந்த வாளியைத் தூக்கினாள், எந்தச் சட்டியை இறக்கினாள், யாருக்கும் தெரியாது. டாக்டர் இடுப்பு வளையத்தையும் ஒரு படம் எடுக்கச் சொல்லியிருந்தார், தொடை எலும்பு முறிந்திருக்குமோ என்று பார்க்க. அதில் முறிவு ஒன்றும் இல்லை.

என்ன தெரியுது என்று மேசையிலிருந்து அம்மா கேட்டாள். எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. படம் எடுப்பவர் நோயாளியிடம் முடிவைச் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் இந்தச் சட்டத்தை எத்தனையோ பேரிடம் சலிக்காமல் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அதே பதிலை அம்மாவிடமும் சொன்னேன். டாக்டர் சொல்லுவாரு என்று. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பாள்.

டாக்டர் நிதானமான மனிதர், ஒவ்வொன்றாக விளக்கினார். எலும்பு உள்ளே அரித்துப் போயிருக்கிறது, ஊசி போட வேண்டும், மூன்று மாதம் கட்டையாக நிற்கிற மாதிரி ஒரு பெல்ட் கட்ட வேண்டும், குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது. முதுகில் இனி ஒருவர் விரல்கூட அழுத்தக் கூடாது, இன்னொரு தடவை நசுங்கி உள்பக்கம் தள்ளினால் நரம்பு மாட்டிக்கொள்ளும், பிறகு நடக்க முடியாது என்றார். அம்மா பயபக்தியோடு தலையாட்டினாள். நானும் அப்பாடா என்று நம்பினேன்.

வீட்டுக்கு வந்த மறுநாளே பெல்ட் சோபாவில் கிடந்தது. மூச்சு முட்டுதாம், சோறு இறங்கலையாம். திரும்பக் கட்டிவிட்டால் நான் குளித்துவிட்டு வருவதற்குள் கழற்றியிருப்பாள். உடைஞ்சிருந்தா எப்படிம்மா நான் நடப்பேன் என்று என்னிடமே கேட்கிறாள். அண்ணன் வேறு போனில், மூணு எலும்பு உடைஞ்சும் நடக்குதுன்னா அது உன் காலு செஞ்ச வேலைதான் என்று எடுத்துக் கொடுத்தான். நான் எடுத்த படமே என் காலுக்குச் சாட்சி ஆகிவிட்டது. இந்த மாதிரி ஒரு குடும்பத்தில் எலும்பைப் பற்றிப் படித்ததற்கு நான் வேறு ஏதாவது படித்திருக்கலாம், சுடுமண் சட்டி செய்யவாவது கற்றுக்கொண்டிருக்கலாம்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது பெல்ட் இல்லாமல் குனிந்து வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றைப் பிடுங்கி எறிந்தேன். நீ படுத்த படுக்கையா ஆனா யாரு பாக்குறது, உன் மகன் வருவானா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். பிறகு அவளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்து, லேப்டாப்பைத் திறந்து படத்தைப் போட்டேன். சட்டமாவது ஒன்றாவது.

"இங்க பாரு. இது நல்லா இருக்குற எலும்பு, சதுரமா இருக்கா? இது உன்னோட உடைஞ்ச எலும்பு. எப்படி நசுங்கிக் கிடக்குது பாரு."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி புகையாத்தான் தெரியுது என்றாள். பேனாவால் கோடு போட்டுக் காட்டினேன். ம் என்றாள். அவள் கேட்கிற மாதிரியே இல்லை. வெறுத்துப்போய் அடுத்த படத்துக்குத் தட்டினேன். இடுப்பு வளையம் வந்தது. மூடலாம் என்று கையைக் கொண்டுபோனேன், அவள் தடுத்தாள்.

இது என்ன, சட்டி மாதிரி என்று கேட்டாள். உன் இடுப்பெலும்பு என்றேன். நடுவில் இவ்வளவு பெரிய ஓட்டையா, இதுவும் உடைஞ்சதா என்றாள். இல்லை, அது எல்லாப் பொம்பளைக்கும் இருக்கும், பிள்ளை வருகிற வழி என்றேன்.

அவள் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துத் திரையில் அந்த இடத்தில் வைத்து அளந்தாள். விரித்த கையை அப்படியே தூக்கி என் தலைப் பக்கம் கொண்டுவந்து பிடித்துப் பார்த்தாள்.

"இதுக்குள்ள நீ ராத்திரி பூரா மாட்டிக்கிட்டு இருந்த" என்றாள். "ஒரு காலு வெளிய, மத்தது எல்லாம் உள்ள. மருத்துவச்சி இழுக்கவும் பயந்தா, விடவும் பயந்தா. எலும்பு முறியிற சத்தம் கேக்குதான்னு நான் காதை வச்சுக்கிட்டே கெடந்தேன். முறிஞ்சா உன்னோடது முறியக் கூடாது, என்னோடது முறியட்டும்னு சாமிகிட்ட சொன்னேன்."

என் காலைப் பற்றி ஊருக்கே சொன்னவள் இதை என்னிடம் சொன்னதே இல்லை. கால் முன்னால் வருகிற குழந்தைக்குக் கடைசியில் தலை மாட்டிக்கொள்ளும், கழுத்துப்பட்டை எலும்பு ஒடியும், மூச்சு நின்றுபோகும். புத்தகத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அது எங்கள் இரண்டு பேருக்கும் நடந்தது என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. எனக்கு அது எப்போதும் அந்தப் பாழாய்ப்போன வலது கால் கதைதான்.

"உயிரோட வந்துச்சே, அந்தக் காலு சும்மாவா போகும்?" என்றாள்.

அவள் மறுபடியும் படத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை வளையத்திலிருந்து விரலை மேலே நகர்த்தி, நான் பேனாவால் காட்டிய இடத்துக்கு அவளாகவே போனாள். இதுவா உடைஞ்சது என்றாள். அதுதான் என்றேன். இதெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணாத்தான் நிக்குதா என்றாள். ஆமாம் என்றேன்.

அப்புறம் பெல்ட்டை எடுத்துவரச் சொன்னாள்.

எழுந்து நிற்க வைத்துக் கட்டினேன். கீழ்ப் பட்டையை இடுப்பெலும்பின் விளிம்புக்கு மேல் வைத்து, மேல் பட்டையை இழுத்து மாட்டினேன். கையை உயர்த்தி மேசையைப் பார்த்தபடி நின்றாள். வலிக்குதா என்று கேட்டேன். இல்லை என்பாள், போயிடுச்சு என்பாள், நான் மறுபடியும் கத்த வேண்டியிருக்கும் என்று தயாராக இருந்தேன்.

"வலிக்குதும்மா" என்றாள். "ரொம்ப நாளாவே வலிக்குது."

பட்டையைக் கொஞ்சம் தளர்த்தினேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, அழுகைதான் வந்தது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.